மூடிய சபையில் வளரும் பெண்பிள்ளை: ஷார்ட் கிரீக்கில் பூட்டு எங்கே இருந்தது?

2024 டிசம்பரில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம், சாமுவேல் பேட்மேன் என்பவருக்கு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஷார்ட் கிரீக் என்னும் ஊரில், பலதார மணத்தைக் கடைப்பிடிக்கும் மூடிய சபையொன்றிலிருந்து பிரிந்த சிறு குழுவுக்குத் தம்மைத் தீர்க்கதரிசி என்று அறிவித்துக்கொண்ட அவர், இருபதுக்கும் மேற்பட்ட பெண்களை 'ஆன்மிக மனைவியர்' என்று சொல்லி வைத்திருந்தார். அவர்களில் பத்துப் பேர் 18 வயது நிரம்பாதவர்கள். 9 வயதுச் சிறுமிகூட அவரால் பாலியல் வன்முறைக்கு ஆளானாள்.

இந்தச் செய்தியைப் படித்தவர்களுக்கு மூன்று குழப்பங்கள் எழுந்திருக்கும். பக்கத்து மாநிலமான யூட்டா, 2020-இல் பலதார மணத்தைப் போக்குவரத்து விதிமீறலுக்கு நிகரான சிறு தவறாகக் குறைத்துவிட்டதே, பிறகு ஏன் 50 ஆண்டு? இவர்கள் மார்மன்களா, இல்லையா? பள்ளிக்கூடமும் போலீஸும் நெடுஞ்சாலையும் இருக்கிற அமெரிக்காவில், ஒரு சிறுமி ஏன் எழுந்து நடந்து வெளியே வர முடியவில்லை? முதல் இரண்டுக்கும் சட்டமும் வரலாறும் விடை தரும். மூன்றாவதுதான் கடினமானது, இக்கட்டுரையின் பெரும்பகுதி அதற்கே.

யார் இவர்கள்?

ஜோசஃப் ஸ்மித் 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபையே மார்மன் சபை எனப் பொதுவாக அறியப்படுகிறது. 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது அதன் முறையான பெயர். ஒருவன் பல பெண்களை மணப்பது இறைக்கட்டளை என்னும் வெளிப்பாடு 1843-இல் எழுத்தில் பதிவானது. 1852-இல் யூட்டாவில் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் 1862, 1882, 1887 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றி அதை நெருக்கியது. நம்பிக்கைக்குத் தடையில்லை, ஆனால் மத நம்பிக்கையைக் காட்டிக் குற்றச்செயலுக்கு விலக்குக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1879-இல் 'ரெனால்ட்ஸ்' வழக்கில் தீர்ப்பளித்தது. சபையின் சொத்துகளே பறிபோகும் நிலை வந்தபோது, தலைவர் வில்ஃபர்ட் வுட்ரஃப் 1890-இல் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிக்கை வெளியிட்டார். 1896-இல் யூட்டா மாநிலத் தகுதி பெற்றது.

அந்த அறிக்கையை ஏற்காதவர்கள் பிரிந்தார்கள். அரிசோனாவும் யூட்டாவும் சந்திக்கும் செம்மலை அடிவாரத்தில், ஷார்ட் கிரீக் என்னும் ஒதுக்குப்புறத்தில் 1930-களில் அவர்கள் குடியேறினார்கள். எல்லைக்கோடு ஊரின் நடுவே செல்வதால், யூட்டா பக்கம் ஹில்டேல் என்றும் அரிசோனா பக்கம் கொலராடோ சிட்டி என்றும் இன்று இரு பெயர்கள். இங்கே வளர்ந்த அடிப்படைவாதச் சபையை அதன் ஆங்கில முதலெழுத்துகளால் எஃப்எல்டிஎஸ் என்பார்கள். உறுப்பினர் எண்ணிக்கை ஆறாயிரம் முதல் பத்தாயிரம் வரை என்று மதிப்பிடப்பட்டது. சென்னையிலும் கோவையிலும் கிளைகள் உள்ள மைய மார்மன் சபைக்கும் இதற்கும் இன்று எந்த உறவும் இல்லை. பலதார மணம் செய்பவரை மையச் சபை விலக்கிவிடும். இந்த வேறுபாட்டை மறந்து 'மார்மன்கள் பல பெண்களை மணப்பவர்கள்' என்று எழுதுவது, ஒரு பெரிய சமூகத்துக்குச் செய்யும் அநியாயம்.

பதிவேட்டில் இல்லாத திருமணம்

சட்டப்படி பதிவாவது முதல் மனைவியின் திருமணம் மட்டுமே. இரண்டாவதிலிருந்து எல்லாம் சபைக்குள் நடக்கும் சடங்குகள். உரிமமோ பதிவோ இல்லை. அரசின் பார்வையில் அந்தப் பெண் திருமணமாகாதவள். அவளுடைய குழந்தைகள் தனித்தாயின் குழந்தைகள்.

இதன் விளைவைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். குறைந்தபட்சத் திருமண வயதைச் சட்டம் எவ்வளவு உயர்த்தினாலும், பதிவே இல்லாத மணத்தில் அது நுழையாது. பெற்றோர் சம்மதத்துடன் 14 வயதில் மணம் செய்யலாம் என்றிருந்த விதியை யூட்டா 1999-இலும் டெக்சாஸ் 2005-இலும் உயர்த்தின. அந்த மாற்றங்களால் உரிமம் வழங்கும் அலுவலர் கட்டுப்பட்டார். உரிமமே கேட்காத சபை கட்டுப்படவில்லை. ஆகவே அரசுத் தரப்பு கையில் எடுக்க முடிந்த உண்மையான கருவி, சிறார் மீதான பாலியல் குற்றச் சட்டம்தான். அதற்குப் பிறந்த தேதி வேண்டும், சாட்சி வேண்டும், அந்தப் பெண் வாய் திறக்க வேண்டும்.

ஒரு கணக்கு

மணமகளின் வயது ஏன் இவ்வளவு கீழே இறங்குகிறது என்பதற்குத் தலைவர்களின் குணத்தை மட்டும் காரணம் சொல்வது போதாது. ஓர் ஊரில் நூறு பெண்பிள்ளைகளும் நூறு ஆண்பிள்ளைகளும் பிறக்கிறார்கள். மிக உயர்ந்த விண்ணுலகை அடைய ஓர் ஆணுக்கு மூன்று மனைவியராவது வேண்டும் என்பது இச்சபையில் பரவலாக நிலவிய நம்பிக்கை. அப்படியானால் நூறு பெண்களுக்கு முப்பத்துமூன்று ஆண்கள் போதும். மீதமுள்ள அறுபத்தேழு பேரை என்ன செய்வது?

வழிகள் இரண்டே. ஒன்று, பையன்களை வெளியேற்றுவது. பாட்டுக் கேட்டான், பெண்ணிடம் பேசினான், சட்டைக் கையை மடித்துவிட்டான் என்று சிறு காரணங்களுக்காக விரட்டப்பட்ட பையன்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்; அமெரிக்கப் பத்திரிகைகள் அவர்களைத் 'தொலைந்த பையன்கள்' என்று அழைத்தன. மற்றொன்று, மணமக்களின் வயது இடைவெளியைக் கூட்டுவது. குடும்பத்துக்குப் பத்துக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் ஊரில் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடப் பெரிது. எனவே நாற்பது, ஐம்பது வயது ஆண்களை அடுத்த தலைமுறைப் பெண்களுடன் இணைத்தால் பற்றாக்குறை சமாளிக்கப்படும். வயதை எவ்வளவு கீழே இறக்குகிறோமோ அவ்வளவு 'மணமகள்கள்' கிடைப்பார்கள். வீட்டைவிட்டு விரட்டப்படும் பதினாறு வயதுப் பையனும் மணமேடைக்கு அழைத்துவரப்படும் பதினாலு வயதுப் பெண்ணும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

2002 செப்டம்பரில் தந்தை ரூலன் ஜெஃப்ஸ் இறந்தபின் தலைமைக்கு வந்த வாரன் ஜெஃப்ஸ், இந்தக் கணக்கை அதன் எல்லைவரை கொண்டுசென்றார். அவருக்கு 78 ஆன்மிக மனைவியர் இருந்தனர், அவர்களில் 24 பேர் 17 வயது நிரம்பாதவர்கள் என்று 2011 வழக்கில் அரசுத் தரப்பு தெரிவித்தது.

வளர்ப்பு

இத்தகைய வீட்டில் பிறக்கும் பெண்குழந்தைக்குத் தாயார் பலர். தன்னைப் பெற்றவளை 'அம்மா' என்று மட்டும் அழைப்பவள், தந்தையின் மற்ற மனைவியரைப் பெயருடன் 'அம்மா' சேர்த்து அழைப்பாள். சபைத் தலைவரான தீர்க்கதரிசியை ஊரே 'அங்கிள்' என்று அழைக்கும். அன்பில்லாத வீடுகள் என்று இவற்றை எண்ணிவிடக் கூடாது. முப்பது உடன்பிறப்புகளுடன் ஓடைக்கரையில் விளையாடிய காலத்தை, வெளியேறிய பெண்களில் பலர் ஏக்கத்துடன்தான் நினைவுகூர்கிறார்கள். வெளியேறுவது கடினமானதற்கு அந்த அன்பும் ஒரு காரணம்.

காலையில் முதலில் அணிவது கழுத்திலிருந்து மணிக்கட்டு, கணுக்கால் வரை மூடும் வெள்ளை உள்ளாடை. அதன்மேல் காலுறை, நீண்ட கையுடன் தரையைத் தொடும் வெளிர்நிற ஆடை. சிவப்பு கூடாது. பாலைவன வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் மாதங்களிலும் இதே உடை. தலைமுடியை வெட்டவே கூடாது. முன்புறம் மேலே தூக்கிவாரிப் பின்னிக்கொள்ள வேண்டும். பத்து வயதுக்குள் ரொட்டி சுடவும், துணி தைக்கவும், இடுப்பில் ஒரு கைக்குழந்தையைச் சுமந்தபடி இன்னொன்றுக்குச் சோறூட்டவும் பழகிவிடுவாள். அவள் தைத்துக்கொண்டிருக்கும்போது அறையில் ஒலிநாடா ஓடிக்கொண்டிருக்கும். மெதுவான, ஏற்ற இறக்கமற்ற குரலில் வாரன் ஜெஃப்ஸ் பேசுவார். பெண்ணுக்குக் கீழ்ப்படிதலே வழிபாடு, பையன்களைப் பாம்பாகக் கருது, கேள்வி கேட்பது சாத்தானின் வேலை. தலைவராவதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கு மேல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் சபையின் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர் அவர். பிள்ளைகளை எப்படி வடிப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுச் சுவர்களில் 'இனிமையாக இரு' என்ற வாசகம் தொங்கும். கோபம், துக்கம், மறுப்பு எதுவும் முகத்தில் தெரியக் கூடாது என்பதே அதன் நடைமுறைப் பொருள். தொலைக்காட்சியும் இணையமும் செய்தித்தாளும் விலக்கப்பட்டவை. 2000-ஆம் ஆண்டில் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளிலிருந்து நிறுத்திவிடும்படி தலைமை கட்டளையிட்டது. ஹில்டேலின் அரசுப் பள்ளி மூடப்பட்டது. அதன்பின் பல பெண்களின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆசிரியர் என்பவர் ஒரு சிறுமியின் வாழ்வில் குடும்பத்துக்கு வெளியே இருக்கும் முதல் பெரியவர். கையில் காயத்தையோ கண்ணில் பயத்தையோ கண்டால் சட்டப்படி புகார் செய்யக் கடமைப்பட்டவர். ஒரே கட்டளையில் அந்த ஆளும் இல்லாமல்போனார்.

'ஒப்படைப்பு'

1930-களில் இந்தச் சமூகத்துப் பெண்கள் தாமே விரும்பியும் மணந்தார்கள். பிற்பாடுதான், யார் யாரை மணக்க வேண்டும் என்பதைத் தீர்க்கதரிசிக்கு இறைவன் வெளிப்படுத்துவார் என்னும் வழக்கம் இறுகியது. இதை 'இடமளிப்பு மணம்' என்பார்கள். மணத்துக்கு ஆயத்தமான பெண் தன்னைத் தீர்க்கதரிசியிடம் 'ஒப்படைக்க' வேண்டும். பெரும்பாலும் தந்தையே அழைத்துச்சென்று ஒப்படைப்பார். மாப்பிள்ளை யார் என்பது சடங்குக்குச் சில நாட்கள், சில சமயம் சில மணிநேரம் முன்புதான் தெரியவரும்.

2001-இல் நெவாடா மாநிலத்தின் கேலியன்டே என்னும் சிற்றூரில் ஒரு மோட்டல் அறையில் நடந்த மணம், பின்னர் நீதிமன்றத்தில் விரிவாக விவரிக்கப்பட்டது. பெண்ணுக்கு 14 வயது. மாப்பிள்ளை அவளுடைய உறவுமுறைச் சகோதரன், வயது 19. இன்னும் சில காலம் பொறுக்கும்படி அவள் முன்னரே கெஞ்சியிருந்தாள். 'உன் இதயம் தவறான இடத்தில் இருக்கிறது' என்று வாரன் ஜெஃப்ஸ் சொன்னதாக அவள் சாட்சியம் அளித்தாள். சடங்கில் சம்மதம் கேட்கப்பட்டபோது தலைகுனிந்து பேசாமல் நின்றாள். கேள்வி மறுபடியும் கேட்கப்பட்டது. அருகில் நின்ற தாய் அவள் கையை இறுக்கினார். 'சரி, ஏற்கிறேன்' என்றாள். அடித்தவர் யாருமில்லை, கட்டியவர் யாருமில்லை. ஆனாலும் அந்த அறையில் அவள் பக்கம் நிற்க ஒருவர்கூட இல்லை. 'ஏன் மறுக்கவில்லை' என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும்.

ஏன் வெளியே வர முடியவில்லை?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மூளைச்சலவை என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடுவார்கள். நம்பிக்கை வலுவானதுதான். ஆனால் நம்பிக்கை ஆட்டம்கண்ட பின்பும் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். அதற்கான காரணங்கள் பெரும்பாலும் மண்ணும் காசும் சார்ந்தவை.

1. வீடு. 1942-இல் 'யுனைடெட் எஃபர்ட் பிளான்' என்னும் அறக்கட்டளை நிறுவப்பட்டு, ஊரின் ஏறத்தாழ எல்லா நிலமும் அதன் பெயரில் வைக்கப்பட்டது. குடும்பங்கள் சொந்தப் பணத்தில், சொந்த உழைப்பில் வீடு கட்டின; பத்திரம் அறக்கட்டளையிடம். தலைவர் போ என்றால் போக வேண்டும். தந்தை கீழ்ப்படியவில்லையென்றால் வீடு மட்டுமல்ல, அவருடைய மனைவியரும் பிள்ளைகளும் வேறோர் ஆணுக்கு 'மாற்றி அளிக்கப்படுவார்கள்'. 2004 ஜனவரியில் ஒரே நாளில் இருபது ஆண்கள் அளவில் இப்படி விலக்கப்பட்டார்கள். ஊரின் மேயரும் அவர்களில் ஒருவர். மகளுக்காகத் தந்தை வாய் திறக்காததற்குப் பின்னால் இந்த அச்சம் இருந்தது.

2. காவல்துறை. இரு ஊர்களுக்கும் பொதுவான போலீஸ், சபை உறுப்பினர்களால் ஆனது. அவர்களில் ஒருவரே 16 வயதுப் பெண்ணை மூன்றாம் மனைவியாகக் கொண்டதற்காக 2003-இல் தண்டிக்கப்பட்டார். ஓடிப்போகும் பெண் முதலில் சந்திக்கும் சீருடை, அவளைத் தந்தையிடமோ கணவனிடமோ திருப்பிக் கொண்டுசெல்லும் சீருடை.

3. பணம். சம்பாதிப்பது சபைக்குப் போகும். பெண்களிடம் வங்கிக் கணக்கோ ஓட்டுநர் உரிமமோ அரிது. பிறப்புச் சான்றிதழ் சிலருக்கு எடுக்கப்படவே இல்லை.

4. பிள்ளைகள். பதினாறில் ஒன்று, பதினெட்டில் ஒன்று என்று குழந்தைகள் பிறந்தபின், தனியே தப்புவது ஒன்று, நான்கு குழந்தைகளுடன் தப்புவது முற்றிலும் வேறு. விட்டுவிட்டுப் போனால் அவர்களை இனிப் பார்க்க முடியாது. விலகியவர் துரோகி, தாயாகவே இருந்தாலும் அவருடன் பேசக் கூடாது.

இந்த நான்கும் ஒரே கையில் இருந்தன என்பதுதான் முக்கியம். பலதார மணம் உலகின் பல சமூகங்களில் இருந்தது, இருக்கிறது. ஆனால் வீட்டுப் பத்திரம், மணமகன் தேர்வு, பள்ளி, போலீஸ் அனைத்தையும் ஒரு மனிதர் வைத்திருக்கும்போது, ஒரு சிறுமியின் மறுப்பு போய்ச்சேர இடமே இல்லாமல்போகிறது. ஷார்ட் கிரீக்கின் பூட்டு அங்கேதான் இருந்தது.

பலிக்காத இரண்டு அதிரடிகள்

அரிசோனா ஆளுநர் ஹோவர்ட் பைல் 1953 ஜூலை 26 அதிகாலையில் ஷார்ட் கிரீக்குக்குப் படையுடன் போலீஸை அனுப்பினார். 263 குழந்தைகள் அரசுப் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். சிலர் தாயிடம் திரும்ப இரண்டு ஆண்டுகள் ஆயின. அழும் குழந்தைகளின் படங்கள் வெளியானதும் நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் பைல் தோற்றார். அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு எந்த அரசியல்வாதியும் அந்த ஊர்ப் பக்கம் திரும்பவில்லை. சபையோ அந்த நாளை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து, அரசு என்றால் குழந்தைகளைப் பறிப்பவர்கள் என்று ஒவ்வொரு சிறுமிக்கும் கற்பித்தது. உதவி கேட்கக்கூடிய ஒரே இடத்தை அவள் மனத்தில் எதிரியாக்கியது அந்த அதிரடியே என்பது வேதனையான உண்மை.

2008 ஏப்ரலில் டெக்சாஸின் எல்டொராடோ அருகே சபை அமைத்திருந்த பண்ணைக்குள் அதிகாரிகள் நுழைந்து, நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வெளியேற்றினர். தூண்டுகோலாக இருந்த தொலைபேசி அழைப்பு போலியானது எனப் பின்னர் தெரிந்தது. அத்தனை குழந்தைகளுக்கும் உடனடி ஆபத்து என்பதற்குச் சான்றில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் மே மாத இறுதியில் கூற, பெரும்பாலோர் திரும்ப அனுப்பப்பட்டனர். ஆனால் பண்ணையில் கைப்பற்றிய பதிவேடுகளும் ஒலிப்பதிவுகளும் நிலைத்தன. அவற்றாலும் மரபணுச் சான்றாலும், 12, 15 வயதுச் சிறுமியர் மீதான குற்றங்களுக்காக வாரன் ஜெஃப்ஸ் 2011 ஆகஸ்டில் ஆயுள் தண்டனையும் மேலும் 20 ஆண்டுகளும் பெற்றார். மோட்டல் அறை மணத்துக்காக 2007-இல் யூட்டாவில் அவருக்குக் கிடைத்த தண்டனை, நடுவர் குழுவுக்கு வழங்கப்பட்ட அறிவுறுத்தலில் பிழை என்று 2010-இல் ரத்தானதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வழக்கைத் தாங்கி நிறுத்தியவை தாள்களும் ஒலிநாடாக்களும். கூட்டமாகக் குழந்தைகளை அள்ளியது அல்ல.

எது திறந்தது?

2005-இல் யூட்டா நீதிமன்றம் அறக்கட்டளையின் நிர்வாகத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது. பரபரப்பில்லாத, கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் ஆண்டுக்கணக்கில் இழுத்த வேலை அது. ஆனால் வீட்டுப் பத்திரங்கள் மெல்ல மெல்லத் தனிநபர் பெயருக்கு மாறத் தொடங்கின. விலக்கப்பட்டவர்களும் ஓடிப்போன பெண்களும் தாங்கள் வளர்ந்த வீட்டுக்கு உரிமை கோர முடிந்தது. 2014-இல் ஹில்டேலில் மீண்டும் அரசுப் பள்ளி திறக்கப்பட்டது. இரு ஊர் நிர்வாகங்களும் போலீஸும் சபையைச் சேராதவர்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டியதாக 2016 மார்ச்சில் கூட்டாட்சி நடுவர் குழு தீர்ப்பளித்தது. தண்ணீர் இணைப்பு மறுக்கப்பட்டதும் அந்தப் புகார்களில் ஒன்று. அடுத்த ஆண்டு போலீஸ் நீதிமன்றக் கண்காணிப்பின்கீழ் வந்தது. அதே 2017-இல், முன்பு சபையைவிட்டு வெளியேறியிருந்த டோனியா ஜெசப் என்ற பெண் ஹில்டேலின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மதில் சூழ்ந்த வாரன் ஜெஃப்ஸின் பழைய மாளிகை, வெளியேறும் பெண்கள் தங்கும் இல்லமாக மாறியது.

2020 சட்டமும் பேட்மேன் வழக்கும்

இப்போது முதல் குழப்பத்துக்கு வரலாம். அதுவரை ஐந்தாண்டுச் சிறைக்குரிய குற்றமாக இருந்த பலதார மணத்தை, சம்மதமுள்ள வயதுவந்தோரிடையே மட்டும் யூட்டா சிறு தவறாக்கியது. மிரட்டலோ மோசடியோ சிறார் மீதான குற்றமோ கலந்தால் அது கடுங்குற்றமாகவே நீடிக்கிறது. புகார் கொடுத்தால் தானும் சிறைக்குப் போவோம், பிள்ளைகள் பறிபோவார்கள் என்று பெண்கள் அஞ்சக் கூடாது என்பதே சட்டத்தை ஆதரித்தவர்களின் வாதம். குற்றமென்ற அச்சுறுத்தலே தலைவர்களைக் கட்டுப்படுத்தியது, அதை நீக்கக் கூடாது என்றார்கள், வெளியேறிய பெண்களில் ஒரு சாரார். இருதரப்பும் சொந்த அனுபவத்திலிருந்து பேசினார்கள். என் கருத்தில் முதல் வாதமே வலுவானது. 1953-க்குப் பிறகு அரை நூற்றாண்டுக் காலம் அந்தத் தண்டனை ஏட்டில் இருந்தும், ஒரு சிறுமியையும் அது காக்கவில்லை.

பேட்மேன் தண்டிக்கப்பட்டது பல பெண்களை மணந்ததற்காக அல்ல. பாலியல் குற்றத்துக்காகச் சிறுமிகளை மாநில எல்லை தாண்டிக் கொண்டுசெல்லச் சதி செய்தது, கடத்தலுக்குச் சதி செய்தது ஆகியவையே அவர் ஒப்புக்கொண்ட குற்றங்கள். 2022 ஆகஸ்டில் ஃபிளாக்ஸ்டாஃப் அருகே, அவர் இழுத்துச்சென்ற மூடிய டிரெய்லரின் கதவு இடுக்கில் சின்ன விரல்கள் தெரிவதைக் கண்டு யாரோ தகவல் சொன்னார்கள். உள்ளே 11 முதல் 14 வயதுவரை மூன்று சிறுமிகள். அரசுப் பாதுகாப்பில் வைக்கப்பட்ட சிறுமிகளில் எட்டுப் பேரை, அந்த நவம்பரில் அவருடைய வயதுவந்த மனைவியர் சிலர் கடத்திச்சென்றார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் அவர்கள் மீட்கப்பட்டனர்.

அவருடைய வயதுவந்த மனைவியரில் ஏழு பேர் தண்டனைக்குள்ளானார்கள். சிறுமிகளைப் பலவந்தத்துக்கு உட்படுத்தத் துணைநின்றதும் விசாரணையைத் தடுத்ததும் அவர்கள் மீதான குற்றங்கள். ஷார்ட் கிரீக்கில் பிறந்து, ஒலிநாடாக் குரலைக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. பதினெட்டாம் பிறந்தநாளில் பாதிக்கப்பட்டவள் என்ற இடத்திலிருந்து பொறுப்பாளி என்ற இடத்துக்குச் சட்டம் ஒருத்தியை நகர்த்திவிடுகிறது. அந்த இரவில் அவளுக்குப் புதிதாகப் பள்ளிப்படிப்போ, வங்கிக் கணக்கோ, நம்பிப் பேசக்கூடிய ஓர் ஆளோ கிடைத்துவிடுவதில்லை. யூட்டாவில் 'ஹோல்டிங் அவுட் ஹெல்ப்' போன்ற தொண்டு அமைப்புகள் வெளியேறி வருபவர்களுக்குத் தங்குமிடம், படிப்பு, வேலை என்று படிப்படியாகத் துணைநிற்கின்றன. சிறுமிகளைக் கடத்திய அந்த மனைவியருக்கு, தாங்களே சிறுமிகளாக இருந்த காலத்தில் அத்தகைய துணையின் முகவரி எட்டியிருக்குமா என்பதே கேள்வி.